ஐம்பத்தைந்து பவுண்டு போதும்

டாய்ல் ஸ்காகின்ஸ் என்றைக்காவது ஒருநாள் தன் கடை வாசற்படி ஏறி வரவேண்டும் என்று ரோவீனா பெட்டிஜான் மூன்று வருடமாகக் காத்திருந்தாள். வந்தால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை. முதலில் வரட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மீன்பிடிச் சங்கத்தின் இறுதிப்போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலையில், அவன் வந்தான்.

ஹோல்காம் ஏரித் தண்ணீரைத்தான் அந்த வட்டாரம் முழுக்கக் குடிக்கிறது. அதனால் பெட்ரோல் மோட்டாருக்கு அங்கே இடமில்லை. மின்மோட்டார் மட்டும்தான். அங்கே மீன் பிடிக்கிறவனின் மானம் மரியாதையெல்லாம் படகின் பின்னால் தொங்குகிற அந்தக் குச்சி மோட்டாரிலும் காலடியில் கிடக்கிற பேட்டரியிலும்தான் இருந்தது. எந்தப் படகுக்கு எந்த அளவு மோட்டார் சரிப்படும் என்று விவரமாகச் சொல்ல நாற்பது மைல் சுற்றளவில் ரோவீனாவை விட்டால் ஆளில்லை. பார்வைக்கு அது தூண்டிலுக்குப் புழுவும் குஞ்சு மீனும் காப்பியும் விற்கிற கடை. பின்சுவரில் மட்டும் மோட்டார்கள் வரிசையாகத் தொங்கும்.

அந்தக் கடைக்கு வர டாய்லுக்கு முகம் இருந்ததுதான் அதிசயம். மூன்று வருடம் முன்பு, சங்கத்தின் இறுதிப்போட்டியில், ரோவீனாவின் ஐந்து பாஸ் மீன்களும் சேர்ந்து பத்தொன்பது பவுண்டு நின்றன. முதல் இடம். கோப்பையைக் கையில் வாங்குவதற்குள் டாய்ல் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கம்பிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பம்ப் வீட்டுத் துறைக்கு அடியில் கட்டியிருந்ததாம். முந்தின நாளே பிடித்து, கூடையில் போட்டு, தண்ணீருக்குள் தொங்கவிட்டு, மறுநாள் அப்போதுதான் பிடித்ததுபோல் ரோவீனா எடுத்து வந்த மீன்கள் என்றான். கூடையில் கட்டியிருந்தது நீலக் கயிறு. அந்த நீலக் கயிறு ரோவீனா கடையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. சங்கத்தில் இருந்த முப்பது பேரும் கையைத் தூக்கினார்கள். ஆயுளுக்கும் தள்ளிவைப்பு. கோப்பை இரண்டாம் இடத்துக்குப் போனது. இரண்டாம் இடம் யார் என்றால், டாய்ல்.

அன்றிலிருந்து அவள் பெயர் கூடை ரோவீனா. தேவாலய விருந்துக்கு அவள் கோழி வறுத்துக்கொண்டு போனால்கூட, "கூடைல வச்சிருந்ததா ரோவீனா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை நீட்டினார்கள். சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பரிமாறுவாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் தொட்டியில் போடும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருக்கும்.

"மிஸ் ரோவீனா," என்று டாய்ல் தொப்பியைக் கழற்றினான். "பழசையெல்லாம் நீ மனசுல வச்சிருக்க மாட்டன்னு எனக்குத் தெரியும்."

"எந்தப் பழசு?"

"அதான்."

"வேலை கெடக்கு டாய்ல். என்ன வேணும் உங்களுக்கு?"

அவனுடைய மோட்டார் புகைந்து போயிருந்தது. வெளியூரிலிருந்து வரவழைத்தால் பன்னிரண்டு நாள் ஆகும். மோட்டார் படகைத் தள்ளுகிற பலத்தைப் பவுண்டில்தான் சொல்வார்கள். சுவரில் இருந்தவற்றில் பெரிதை அவன் கைகாட்டினான். "அந்த எண்பது பவுண்டக் கழட்டு."

ரோவீனாவுக்கு உள்ளுக்குள் இனித்தது. அவனுடைய சின்னப் படகுக்கு அந்த எண்பது பவுண்டு மோட்டாரைப் போல் பொருந்தாதது வேறில்லை. கழற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதும், மத்தியானத்துக்குள் பேட்டரி செத்து, நடு ஏரியில் நின்று, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கையை ஆட்டிக்கொண்டிருப்பான். மூன்று வருட வயிற்றெரிச்சலுக்கு அது கொஞ்சம் மோர் வார்த்த மாதிரி இருக்கும்.

ஆனால் இருபத்திரண்டு வருடத் தொழில். மோட்டார் கேட்டு யார் வந்தாலும் கேட்கிற கேள்விகளை அவள் வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"படகு எத்தனை அடி?"

"பதினாலு. அலுமினியத் தட்டைப் படகு. உனக்குத் தெரியாததா?"

"ஆளு?"

"நானும் கர்ட்டிஸும். நான் நூத்தித் தொண்ணூறு பவுண்டு. அவன் எரநூத்தி இருபது."

கர்ட்டிஸ் அவன் மச்சான். வெளியே டிரக்கில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். டிரக் அவன் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ரோவீனா தாளில் இருநூற்று நாற்பது என்றும் இருநூற்றுத் தொண்ணூறு என்றும் எழுதிக்கொண்டாள். ஆண்கள் தங்கள் உடம்பில் குறைக்கிற பவுண்டையெல்லாம் மீனில் கூட்டிச் சொல்வார்கள் என்பது அவள் அனுபவம்.

"எவ்ளோ தூரம் ஓட்டப் போறீங்க?"

"எறங்குதுறைலேர்ந்து மேல ரெண்டேகால் மைல். ஆறரைக்குக் கெளம்பினா ஏழு மணிவாக்குல அங்க இருக்கணும்."

"நாள் பூரா அங்கதானா?"

"சேச்சே. ஒரு பத்து நிமிஷம். அப்புறம் நேரா கீழ, அணைக்கட்டுப் பக்கம் வந்துடுவேன். எல்லாரும் அங்கதான இருப்பாங்க."

பேனா ஒரு கணம் தாளிலேயே நின்றது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அடில பாசியா, மரக்கட்டையா? விசிறி அடிபடும், அதான் கேக்குறேன்."

"பாசி ஒண்ணும் கெடையாது. முழுக்க முழுக்க அடிமரம். மோட்டாரச் சட்டுனு தூக்க வரணும். காத்தடிச்சாலும் ஒரே எடத்துல ஆடாம நிக்கணும்."

இறங்குதுறையிலிருந்து இரண்டேகால் மைல், அடியில் வெறும் மரக்கட்டை என்றால் ஏரி முழுக்க ஒரே இடம்தான். மூழ்கிப்போன பழைய மாவு மில். வசந்தம் முடிந்ததும் அங்கே ஒரு மீன்கூடத் தங்காது என்பது ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். மீனில்லாத இடத்துக்குப் போட்டியன்று காலையில் பேட்டரியைக் கரைத்துக்கொண்டு ஓடி, பத்தே நிமிடம் நின்று, திரும்பி வருகிறவன் எதற்குப் போகிறான்? மீன் பிடிக்கப் போகவில்லை. மீன் எடுக்கப் போகிறான்.

மூன்று வருடம் முன்பு தண்ணீர் சொட்டச் சொட்ட வந்த கூடை யாருடையது என்று ரோவீனாவுக்கு அந்த நிமிடத்தில் சந்தேகமறத் தெரிந்தது. முகத்தில் ரத்தம் ஏறியது. அதை மறைக்கத் திரும்பிக்கொண்டு காப்பி ஊற்றினாள். திரும்பியபோது அவள் எண்ணம் தலைகீழாக மாறியிருந்தது. இவன் நடு ஏரியில் நின்றுவிடக் கூடாது. மீன்களோடு, எல்லோர் கண்முன்னாலும், எடை மேசைக்கு வந்தே ஆகவேண்டும். மூன்று மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் சங்கத்தில் மீனை நிறுக்க மாட்டார்கள். அப்படியே தண்ணீரில் விட்டுவிடச் சொல்வார்கள். விட்டுவிட்டால் அதோடு எல்லாம் போச்சு.

"எண்பது வேணாம் டாய்ல்," என்றாள். "ஐம்பத்தஞ்சு போதும்."

"ஏன், நான் பெருச வாங்கினா உனக்கு வலிக்குதா?"

"பவுண்டுங்கிறது பலம், வேகமில்ல. ரெண்டுல எதை மாட்டினாலும் உங்க படகு ஏறக்குறைய ஒரே வேகம்தான் போகும். ஆனா எண்பது ரெண்டு பேட்டரியையும் ஒண்ணாச் சேத்து உறிஞ்சும். மத்தியானத்துக்கு மேல மேல்காத்து வரும்போது உங்ககிட்ட ஒண்ணும் மிஞ்சாது. இங்க பாருங்க. படகு, நீங்க ரெண்டு பேரு, பேட்டரி, மீன்தொட்டித் தண்ணி, சாமான் செட்டு, எல்லாம் ஆயிரத்து எரநூறு. நூறுக்கு ரெண்டுன்னு வச்சா இருபத்திநாலு. தூரத்துக்கும் காத்துக்கும் அதை ரெட்டிச்சாலும் ஐம்பதத் தாண்டல. ஐம்பத்தஞ்சு மாட்டி, ரெண்டு பேட்டரியையும் பக்கம் பக்கமாக் கட்டுங்க. நாள் பூரா தாங்கும்."

"ஆயிரத்து எரநூறு எப்படி வந்துச்சு?"

"மீன் நெறைய பிடிப்பீங்கல்ல."

அவன் சிரித்தான். பிறகு கண்ணை இடுக்கினான். "பெருச வித்தாத்தான உனக்கு லாபம்? உனக்கு என்ன திடீர்னு என் மேல அக்கறை?"

"நீங்க அந்த மேசைக்கு நேரத்துக்கு வந்து சேரணும் டாய்ல். எனக்கு அது முக்கியம்."

அன்று அவள் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மோட்டாரை அவளே படகில் மாட்டி, கம்பிகளை முறுக்கி, ஓட்டியும் காட்டினாள். அடுத்த வாரம் முழுக்க டாய்ல் அதை ஓட்டிக்கொண்டு ஏரியில் அலைந்தான். இரண்டு தடவை கடைப்பக்கம் வந்து, "கெட்டிக்காரிதான் நீ" என்று சொல்லிவிட்டும் போனான்.

போட்டிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை மூன்றரைக்கு, சங்கத் தலைவர் எமெட் கிரம்ப்பை ரோவீனா தன் படகில் ஏற்றினாள். எமெட் முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். நிதானமான ஆள், நேர்மையான ஆள். மூன்று வருடம் முன்பு முதலில் கையைத் தூக்கியதும் அவர்தான். என்ன ஏது என்று சொல்லாமல், வந்து பாருங்கள் என்று மட்டும் அவள் கேட்டிருந்தாள். அவரும் பெரிய விருப்பமில்லாமல்தான் வந்து உட்கார்ந்தார்.

மாவு மில்லின் அடிமரங்களுக்கு நடுவே நான்காவது மரத்தில், தண்ணீருக்கு இரண்டடி கீழே, கயிறு தட்டுப்பட்டது. ரோவீனா இழுத்தாள். கம்பிக் கூடை. உள்ளே ஐந்து பாஸ் மீன்கள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம், கொழுத்துப்போய்.

எமெட் கூடையைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தார். "இது உன் கடைக் கயிறுல்ல ரோவீனா?"

"ஆமா மிஸ்டர் எமெட். அன்னைக்கும் என் கடைக் கயிறுதான்."

திருடியதோடு நிற்காமல், மாட்டிக்கொண்டால் பழி போட ஆளையும் சேர்த்தல்லவா அவன் கட்டி வைத்திருந்தான். ரோவீனா அந்த நீலக் கயிற்றை உள்ளங்கையில் இறுகச் சுற்றிக்கொண்டாள். இவ்வளவு ஆத்திரம் தனக்குள் மிச்சமிருந்தது அவளுக்கே தெரியாது.

எமெட் குனிந்து கூடைக்குள் இருந்த மீன்களை எண்ணினார். பிறகு, "யாரோடது?" என்று கேட்டார். டாய்ல் மோட்டார் வாங்க வந்த கதையை அவள் சொன்னாள். அவர் பையிலிருந்து கத்தியை எடுத்தார். "அறுத்து எடுத்துட்டுப் போவோம். ராத்திரியே கூட்டத்தப் போட்டு அவனக் கேக்குறேன்."

"கேட்டா, இது ரோவீனா கூடைன்னு சொல்லுவான். கயிறும் அப்படித்தான் சொல்லும். நீங்க மறுபடியும் கையத் தூக்குவீங்க."

எமெட்டுக்குக் காது சிவந்தது. கத்தியை மடக்கினார்.

ரோவீனா சட்டைப்பையிலிருந்து துளை போடுகிற சின்னக் குறடு ஒன்றை எடுத்தாள். அவள் கடையில் குஞ்சு மீன் வாங்குகிறவர்களுக்கு ஓர் அட்டை உண்டு. ஒவ்வொரு தடவையும் நட்சத்திர வடிவில் ஒரு துளை போடுவாள், பத்துத் துளை விழுந்தால் ஒரு டப்பா குஞ்சு மீன் இனாம். அந்தத் துளைக்குறடுதான். ஐந்து மீன்களின் வாலிலும் கீழ்மூலையில் ஒவ்வொரு நட்சத்திரம் போட்டாள். எமெட் ஒவ்வொன்றின் நீளத்தையும் அளந்து கடை அட்டையின் பின்பக்கம் எழுதினார், நாள் போட்டார், நேரம் போட்டார். நாலேகால். இருவரும் கையெழுத்திட்டு உறையில் வைத்து ஒட்டினார்கள். கூடை பழையபடி தண்ணீருக்குள் போனது. விடியற்காலை அவசரத்தில் மீனின் வாலைப் பார்க்கிறவன் எவன்?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இறங்குதுறையில் ரோவீனா வழக்கம்போல் பிஸ்கட்டும் சாசேஜும் விற்றுக்கொண்டிருந்தாள். டாய்லின் படகு தண்ணீரில் இறங்கியது. கர்ட்டிஸ் ஏறினான், படகு ஒரு சாண் அமிழ்ந்தது. அவள் அடிப்பலகையைப் பார்த்தாள். ஒரே ஒரு பேட்டரிதான் இருந்தது.

"டாய்ல், இன்னொண்ணு எங்க?"

"வீட்ல வச்சுட்டேன். அறுபது பவுண்டு அது. இவன் ஒருத்தன் வெயிட்டே போதும். கொறச்சாத்தான வேகம் வரும்?"

வேலியில் போகிற பாம்பை மடியில் எடுத்துக் கட்டிக்கொள்வது போல, அவனைக் கரைசேர்க்கிற பொறுப்பு இப்போது அவள் தலையில். பிஸ்கட் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள். அறுபது பவுண்டு பேட்டரியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். சங்கமே பார்த்து நின்றது.

"பாருங்கடா," என்றான் டாய்ல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "சங்கத்துல மறுபடி சேத்துக்கச் சொல்லி மிஸ் ரோவீனா சுமை தூக்குறா. கூடை தூக்கின கைதான, பழக்கம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். எமெட் சிரிக்கவில்லை. அவர் காலணியின் கயிற்றைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார், அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது. ரோவீனா முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு பேட்டரியையும் பக்கம் பக்கமாக இணைத்து, திருகுகளை இறுக்கினாள்.

"மூணு மணிக்குள்ள வந்துடுங்க," என்றாள்.

அன்று பகல் போல் நீளமான பகலை அவள் பார்த்ததில்லை. பன்னிரண்டு மணிக்கே மேல்காற்று தொடங்கிவிட்டது. ஒரு மணிக்கு அலையின் தலையில் நுரை. கர்ட்டிஸுக்கு இருநூற்றுத் தொண்ணூறு போட்டது போதுமா, முன்னூற்றிருபது போட்டிருக்க வேண்டுமா என்று தாளை எடுத்துத் திரும்பத் திரும்பக் கூட்டினாள். இரண்டரைக்குப் படகுகள் வரத் தொடங்கின. இரண்டே முக்காலுக்கு ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. டாய்லைக் காணோம்.

ரோவீனா துறையின் நுனிக்குப் போய் நின்றாள். டாய்ல் ஸ்காகின்ஸ் நல்லபடியாக வந்துசேர வேண்டும் என்று தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கடவுளை வேண்டிக்கொண்டாள்.

இரண்டு ஐம்பதுக்கு அந்த அலுமினியப் படகு கரைமேட்டைச் சுற்றி வந்தது. எதிர்க்காற்றில் முக்கி முனகி, அலைக்கு அலை குதித்து, ஆனாலும் நிற்காமல் வந்தது. மாட்டின மோட்டார் சரியான மோட்டார். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அதன் மூக்கு துறையில் இடித்தது. ரோவீனா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ஐந்து மீன்களும் மேசைக்கு வந்தன. இருபத்தொரு பவுண்டு நாலு அவுன்ஸ். அடுத்தவன் எடை பதிமூன்றுதான். கூட்டம் கைதட்டியது. டாய்ல் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். "இந்த மிஸ் ரோவீனாவுக்கு நன்றி சொல்லணும்," என்றான். "அவ சொன்ன மோட்டாருதான். கூடைய விட்டுட்டு ஒழுங்கா வேலை பாத்தா எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க."

எமெட் உறையைப் பிரித்தார். அட்டையை எடுத்தார். முதல் மீனைத் தாடையைப் பிடித்துத் தூக்கி, வாலை வெயிலுக்கு நேராக விரித்தார். நட்சத்திரம் வழியாக வெளிச்சம் வந்தது. அட்டையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டாவது மீன். மூன்றாவது. ஐந்தாவது முடிவதற்குள் கைதட்டிய கைகள் எல்லாம் பைக்குள் போய்விட்டன.

டாய்லின் முகம் வெளுத்துச் சிவந்தது. விரலை நீட்டினான். "இது இவ கடைத் துளை. இவதான் போட்டிருக்கா. எல்லாரும் பாருங்க, இவ பண்ண வேலை."

"ஆமா, நான்தான் போட்டேன்," என்றாள் ரோவீனா. "நேத்து சாயங்காலம் நாலேகாலுக்குப் போட்டேன். மிஸ்டர் எமெட் பக்கத்துல இருந்தாரு. அப்ப உங்க மீனு எங்க இருந்துச்சு டாய்ல்?"

டாய்ல் கர்ட்டிஸைத் திரும்பிப் பார்த்தான்.

"மாவு மில்லு," என்றார் எமெட். "நாலாவது மரம். நீலக் கயிறு." பிறகு அவர் கர்ட்டிஸ் பக்கம் திரும்பினார். முப்பது வருடம் பேருந்தின் கண்ணாடி வழியாகப் பிள்ளைகளைப் பார்த்து உண்மையை வாங்கிய பார்வை அது. கர்ட்டிஸும் ஒருகாலத்தில் அதே பேருந்தில் போனவன்தான். "மூணு வருஷம் முன்னாடியும் நீலக் கயிறுதான், கர்ட்டிஸ்."

கர்ட்டிஸ் கடலைத்தோலைக் கையிலேயே கசக்கினான். "நான்தான் வாங்கினேன் மிஸ்டர் எமெட்," என்றான். "அப்பவும் இப்பவும். ரோவீனா கடைலயே வாங்குன்னு இவன்தான் சொன்னான்."

பிறகு எமெட் தொப்பியைக் கழற்றிவிட்டு ரோவீனாவின் முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அவள் அவர்களை நிற்கவைத்துத்தான் பார்த்தாள். உடனே பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை, சொல்லவும் இல்லை. மூன்று வருடம் என்பது சின்னக் காலமா?

மீன்களை ஏரியில் விட்டார்கள். டாய்ல் படகை இழுத்து டிரெய்லரில் ஏற்றும்போது உதவிக்கு ஒருவனும் போகவில்லை. ரோவீனா மட்டும் போனாள். அவளுடைய பேட்டரி அதில் இருந்ததே. திருகுகளைக் கழற்றி அதைத் தூக்கி மணலில் வைத்தாள்.

"எல்லாம் திட்டம் போட்டுத்தான் பண்ணியிருக்க," என்று டாய்ல் பல்லைக் கடித்தான். "அந்த மோட்டாரு, இந்த பேட்டரி, எல்லாம். எண்பது பவுண்டு வாங்குறேன்னு சொன்னேனே, விட்டியா நீ?"

"அத நீ வாங்கிருக்கணும் டாய்ல்," என்றாள் ரோவீனா. "வாங்கிருந்தா இந்நேரம் நடு ஏரில நின்னுக்கிட்டிருப்ப. ஊரும் ஒன்ன யோக்கியன்னே நெனச்சுக்கிட்டிருக்கும்."